எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை!

டீ ட்ரீ, ரோஸ்மேரி, நீலகிரித் தைலம், சூடம் போட்ட எண்ணெய்... தோலில் தடவும் முன் ஒரு நிமிடம்

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் இருந்தது. மதுரையில் அக்கா வீட்டுக் கூடத்தில் தாம்பாளங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். துப்பட்டாவால் பாதி முகத்தை மூடியபடி மாடியிலிருந்து இறங்கி வந்தாள் அக்கா மகள். “சித்தி, கொஞ்சம் தனியா வாங்களேன்” என்று குளியலறைக்கு இழுத்துப்போய், விளக்கைப் போட்டுத் துப்பட்டாவை விலக்கினாள். தாடையில் மூன்று இடங்களில் தோல் வெந்து, நடுவில் நீர் கோத்து, சுற்றிலும் செக்கச்செவேலென்று இருந்தது. முந்தைய நாள் இரவு அந்த மூன்று இடங்களிலும் இருந்தவை வெறும் பருக்கள்.

கண்ணாடிக்குக் கீழே கட்டைவிரல் உயரத்தில் ஒரு பழுப்புக் குப்பி. டீ ட்ரீ ஆயில். ஆன்லைனில் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறதாம். ரீல்ஸில் பார்த்தபடி பஞ்சில் நனைத்துப் பருவின் மேல் வைத்து, பஞ்சு விழாமல் இருக்க பிளாஸ்திரியும் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

“எரியலையா?”

“எரிஞ்சுச்சு சித்தி. எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு அந்த வீடியோல சொன்னாங்க.”

சத்தம் கேட்டுப் பின்னாலேயே வந்துவிட்ட என் அம்மா குப்பியை வாங்கி முகர்ந்து பார்த்தார். “எண்ணெய்தானேடி? அடுப்புல வைக்காத எண்ணெய் எப்படிச் சுடும்?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை. எழுபத்தெட்டு வயதில் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதற்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

பெயரிலேயே இருக்கிறது குழப்பம்

எள்ளும் நெய்யும் சேர்ந்தால் எண்ணெய். ‘தைலம்’ என்ற சொல்லும் எள்ளைக் குறிக்கும் ‘தில’ என்ற வடசொல்லிலிருந்து வந்ததுதான். எப்படிச் சொன்னாலும் பெயருக்குள் ஓர் எள் உட்கார்ந்திருக்கிறது. கூடவே ஒரு நம்பிக்கையும்: எண்ணெய் என்றால் குளிர்ச்சி, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தேய்த்து ஊறலாம், கூடினால் பிசுக்குதான், வேறு கெடுதல் கிடையாது. டீ ட்ரீ, நீலகிரித் தைலம் போன்ற ‘எசென்ஷியல் ஆயில்’ இந்தப் பெயரோடு நம் வீட்டுக்குள் வந்தபோது, தனக்குச் சேராத அந்த நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டது.

ஒரு வெள்ளைத் தாளில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு, பக்கத்தில் நீலகிரித் தைலம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நல்லெண்ணெய் விட்ட இடத்தில் கறை அப்படியே நிற்கும். தைலம் விட்ட இடம் சில மணி நேரத்தில் காய்ந்து, பெரும்பாலும் தடமே இருக்காது. காரணம், அதில் கொழுப்பு கிடையாது. எளிதில் ஆவியாகும் சின்னச் சின்ன மூலக்கூறுகளின் கலவை அது. கொழுப்பாக இல்லாதது மட்டுமல்ல, கொழுப்பையும் பிசினையும் கரைக்கக்கூடியது. புது டப்பாவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பசையை எடுக்க நீலகிரித் தைலம் தடவுகிறோமே, அதே வேலைதான். ஆரஞ்சுத் தோல் எண்ணெய் ஒரு சொட்டு பட்டால் தெர்மகோல் குழிந்துபோகும். நம் தோலின் மேலடுக்கும் கொழுப்புப் பூச்சால் கட்டி நிறுத்தப்பட்ட ஒரு சுவர்தான்.

நீலகிரியில் யூகலிப்டஸ் வந்தது 1843-ல். கேப்டன் காட்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஆஸ்திரேலியாவிலிருந்து தருவித்து நட்டதாகப் பதிவு. குளிருக்கு விறகாக வந்த மரம். மலை மக்களுக்கு அது கற்பூர மரம், சமவெளிக்குத் தைல மரம். இன்றும் மலையில் உதிர்ந்த இலைகளைப் பெருக்கிக் கூட்டி, பெரிய கொப்பரையில் அடைத்து, காய்ந்த சருகையே எரித்து ஆவி பிடிக்கிறார்கள். அந்த ஆவி குளிர்ந்து தண்ணீராகும்போது மேலே மிதப்பது தைலம். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ, சற்று முன்பின். அதாவது, ஒரு மூட்டை இலையின் காரம் உள்ளங்கையில் அடங்கும் குப்பிக்குள் வந்துவிடுகிறது.

■ ஒரு குப்பிக்குள் எத்தனை மூட்டை?

ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று, நான்கு டன் இதழ்கள் வேண்டும்.

மல்லிகையை ஆவியில் காய்ச்சினால் மணம் கெட்டுவிடும். அதனால் ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் ஊறவைத்துப் பிரிக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு டன் பூவுக்கு ஒரு கிலோ ‘அப்சல்யூட்’. தமிழ்நாட்டு மல்லிகையில் கணிசமான பங்கு தலையில் ஏறாமல் இந்த ஆலைகளுக்குத்தான் போகிறது.

கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். விண்டர்கிரீன் எண்ணெயில் சுமார் 98 சதவீதம் மெத்தில் சாலிசிலேட். ஒரு டீஸ்பூன் விண்டர்கிரீன் எண்ணெய், இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம்.

சுட்டதா, சேரவில்லையா?

தோலில் இரண்டு விதமாகப் பிரச்னை வரும். இரண்டையும் ‘அலர்ஜி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இரண்டும் வேறு வேறு.

முதலாவது, நேரடிப் புண். காரம் கூடிப்போய் வெந்துவிடுவது. யாருக்கு வேண்டுமானாலும், முதல் தடவையிலேயே வரும். அக்கா மகளுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். எண்ணெயை ஒரு துளியும் நீர்க்கவைக்காமல் வைத்தது போதாதென்று மேலே பிளாஸ்திரி போட்டு, அது ஆவியாகும் வழியையும் அடைத்துவிட்டாள். எனக்கும் இதில் அனுபவம் உண்டு. கல்லூரிக் காலத்தில் கடைவாய்ப் பல் வலிக்கு விடுதித் தோழி கொடுத்த கிராம்பு எண்ணெயைப் பல்லில் வைப்பதாக நினைத்து ஈறு முழுக்கத் தடவிவிட்டேன். மறுநாள் ஈறு வெள்ளையாக உரிந்தது. பல் வலி நிஜமாகவே மறந்துபோயிற்று.

இரண்டாவதுதான் நயவஞ்சகமானது. முதல் நாள் ஒன்றும் ஆகாது. பத்தாவது நாளும் ஆகாது. ஆறு மாதம் சுகமாகத் தடவிக்கொண்டிருப்பீர்கள். அதற்குள் உடலின் எதிர்ப்பு அணுக்கள் அந்த மூலக்கூறைப் பகையாளி என்று குறித்து வைத்திருக்கும். பிறகு ஒருநாள் தடவி இரண்டு மூன்று நாள் கழித்து அரிப்பும் தடிப்பும் கிளம்பும். தடவிய நாளுக்கும் தடித்த நாளுக்கும் இடைவெளி இருப்பதால் சந்தேகம் நேற்று சாப்பிட்ட கத்திரிக்காய் மேலும் கருவாட்டின் மேலும் விழும்; குப்பி தப்பித்துவிடும். இப்படிக் குறிக்கப்பட்ட பகை பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. அதே மூலக்கூறு சோப்பில், ஷாம்பூவில், ஃபேஸ் க்ரீமில், துணி அலசும் திரவத்தில் எங்கே வந்தாலும் தோல் அடையாளம் கண்டுகொள்ளும்.

பழைய குப்பி இதை இன்னும் மோசமாக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் இருக்கும் லிமோனீன், லாவெண்டரில் இருக்கும் லினலூல் ஆகிய இரண்டும் புதிதாக இருக்கும்போது பெரிய சண்டைக்காரர்கள் இல்லை. மூடியைத் திறந்து திறந்து காற்றுப்பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்த பிறகுதான் ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறி ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. டீ ட்ரீ எண்ணெயும் அப்படியே. கெட்டுப்போன தேங்காய் எண்ணெயைச் சிக்கு வாடை காட்டிக்கொடுத்துவிடும். இவை அப்படிப் பளிச்சென்று காட்டிக்கொடுப்பதில்லை. மதுரை வெயிலில், குளியலறை ஜன்னலோரத்தில் ஒன்றரை வருடம் நின்ற குப்பிக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் நிறத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் தண்டனை. புண் பத்து நாளில் ஆறிவிடும், கருமை ஆறாது. தோலில் எங்கே அழற்சி வந்தாலும் அங்கே மெலனின் கூடுதலாகப் படிவது மாநிறத்தின் இயல்பு. அது மறைய மாதக் கணக்கு ஆகும். நிச்சயதார்த்தம் குறித்த நாளில் நன்றாகவே நடந்தது. ஆனால் மருத்துவர் மேக்கப்பைத் தொடவே விடவில்லை. தாடையில் அந்த மூன்று கரும்புள்ளிகள் நான்கு மாதம் இருந்தன.

புண்ணே வராமல் கருமை மட்டும் படர்வதும் உண்டு. 1970-களில் ஜப்பானில் பெண்கள் பலரின் முகத்தில் காரணம் தெரியாத பழுப்புக் கருமை படர்ந்தது. அலசிப் பார்த்த தோல் மருத்துவர்கள் அழகுப் பொருட்களிலிருந்த வாசனைப் பொருட்களையும் சில சாயங்களையும் கண்டுபிடித்தார்கள். அந்தப் பட்டியலில் மல்லிகை அப்சல்யூட் உண்டு, சந்தன எண்ணெய்கூட உண்டு. கூந்தலில் வைக்கும் நாலு முழம் பூவுக்கு இதில் சம்பந்தமில்லை, பயப்படாதீர்கள். ஒரு டன் பூவைச் சுண்டவைத்த குப்பியைப் பற்றித்தான் பேச்சு.

எலுமிச்சையும் வெயிலும்

முகத்தில் எலுமிச்சை தேய்த்தால் நிறம் கூடும் என்று சொல்லாத சமையலறை தமிழ்நாட்டில் உண்டா? சாறு போய் இப்போது எலுமிச்சை எண்ணெய் வந்திருக்கிறது.

தோலைப் பிழிந்து எடுக்கும் எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய்களில் ஃபியூரோகூமரின் என்ற வகை வேதிப்பொருள்கள் இருக்கின்றன. இவை தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், வெந்நீர் ஊற்றியது போலக் கொப்புளம் எழும்பி, பிறகு கறுக்கும். ஐரோப்பாவில் பெர்கமாட் கலந்த கொலோனைக் கழுத்தில் பூசி வெளியே போன பெண்களுக்கு, அது வழிந்த தடத்திலேயே பதக்கம் தொங்குவது போலக் கறுப்பு விழுந்தது. அந்த நோய்க்குப் பெயரே பதக்கத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். இதனால்தான், தோலில் தங்கும் பொருட்களில் பெர்கமாட் எண்ணெய் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வாசனைத் தொழிலின் சர்வதேசக் கூட்டமைப்பான இஃப்ரா வரையறுத்திருக்கிறது.

ஆவியில் காய்ச்சி எடுத்த எலுமிச்சை எண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை; அந்த வேதிப்பொருள் ஆவியோடு ஏறி வராது. லேபிளில் ‘கோல்ட் பிரஸ்டு’ என்றிருந்தால் பிழிந்தது, ‘ஸ்டீம் டிஸ்டில்டு’ என்றிருந்தால் காய்ச்சியது. பிழிந்த வகையைத் தடவினால் பன்னிரண்டு மணி நேரமாவது அந்த இடத்தில் வெயில் படக் கூடாது. நம் ஊரில் அது நடக்கிற காரியமா? முகத்துக்கு அதை வாங்காமல் இருப்பதே உத்தமம்.

சூடம் போட்ட எண்ணெய்

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, தன் கட்சிக்கு வலு கிடைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “இந்தக் காலத்துக் குப்பியெல்லாம் அப்படித்தான். நாங்க தேங்காய் எண்ணெயில சூடத்தைப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுன்னு உங்க நெஞ்சுல தேச்சோம். உங்களுக்கு என்ன ஆச்சு?”

இங்கேதான் நான் அம்மாவோடு முரண்பட வேண்டியிருந்தது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சூடமும் ஆவியாகும் மூலக்கூறுதான். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இரத்தத்தில் கலந்து நேரே மூளையைத் தொடக்கூடியது. அளவு மீறினால் வலிப்பு வரும். வாய்வழி போனால் சில நிமிடங்களிலேயே வரலாம். சூடம் 20 சதவீதம் கலந்த எண்ணெய் அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. ஒரு டீஸ்பூனில் ஒரு கிராம் சூடம். வேறு எண்ணெய் என்று நினைத்து அந்த ஒரு டீஸ்பூனை ஊட்டியதில் குழந்தைகள் இறந்ததாகப் பதிவுகள் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அந்த எண்ணெயை விற்பனையிலிருந்தே தூக்கியது. மேலே தடவும் மருந்துகளில் சூடம் 11 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றும் வரம்பு வைத்தது. நம் வீட்டில் காய்ச்சும் எண்ணெயில் எத்தனை சதவீதம்? இரண்டு கட்டி போட்டாரா மூன்று போட்டாரா என்பது பாட்டியின் கைக்கணக்கு. பூஜைக் கடையில் வாங்கும் சூடம் மருந்தாகத் தயாரிக்கப்படுவதும் அல்ல.

நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் கைக்குழந்தையின் உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல்பரப்பு நம்மைவிட மிக அதிகம். உள்ளே போனதைப் பிரித்து வெளியேற்றும் ஈரலும் முழுதாகப் பழகியிருக்காது. நமக்கு நெஞ்சில் ஒரு பூச்சு, அதற்கு உடம்பெல்லாம் பூசிய மாதிரி. கூடவே, மென்தால், யூகலிப்டஸ் போன்ற காட்டமான வாசனைகளை மூக்கருகே கொண்டுபோனால், கைக்குழந்தைகளுக்கு மூச்சு சற்று நின்றுபோகும் அபாயமும் உண்டு. சளி பிடித்த குழந்தையின் மூக்கடியில் தைலத்தைத் தொட்டு வைப்பது நல்லெண்ணத்தில் செய்யும் ஆபத்து. இரண்டு வயதுக்குள் சூடமும் வேண்டாம், நீலகிரித் தைலமும் வேண்டாம், தைல டப்பாவும் வேண்டாம்.

தோலில் தடவினாலே உடல் முழுதும் விஷமேறுமா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கதை. ஆறு வயதுச் சிறுமிக்கு உடம்பில் அரிப்புத் தடிப்பு. வீட்டு வைத்தியமாக யூகலிப்டஸ் எண்ணெய் கலந்ததைத் துணியில் நனைத்துக் கட்டியிருக்கிறார்கள். சிறுமியின் பேச்சு குழறி, நடை தள்ளாடி, கடைசியில் நினைவிழந்துவிட்டாள். கட்டை அவிழ்த்துக் கழுவி மருத்துவம் பார்த்ததில் ஒரு நாளுக்குள் தேறிவிட்டாள். 1998-ல் அந்நாட்டுத் தோல் மருத்துவ இதழில் வந்த பதிவு இது. அவள் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெரியவர்களும் விதிவிலக்கல்ல. காரணம் பிடிபடாமல் வலிப்போடு வந்தவர்களிடம் தைலம் தடவும் பழக்கத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கிய பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள், சூடமும் யூகலிப்டஸும் கலந்த தைலங்களுக்கும் சிலரது வலிப்புக்கும் உள்ள தொடர்பைத் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது தைல டப்பாவைப் பற்றியும் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பது அரிது. ரோஸ்மேரி எண்ணெயிலும் சூடம் இயற்கையாகவே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஊட்டியிலிருந்து ஒரு குப்பி

ஊட்டிக்குப் போனால் வர்க்கியும் சாக்லேட்டும் வாங்குவோம். மூட்டுவலி மாமியாருக்கு விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு குப்பி. கடைக்காரர் புறங்கையில் ஒரு சொட்டு தேய்த்துக் காட்டுவார்; சில்லென்று ஏறிப் பிறகு சூடாகும். நல்ல வலி நிவாரணிதான், சந்தேகமில்லை.

ஆனால் மாமியார் இதய வால்வு அறுவை சிகிச்சை செய்துகொண்டு இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கதை மாறிவிடும். மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாக உள்ளே போய் வார்ஃபரினின் வேலையை அதிகப்படுத்தி, இரத்தம் உறையாமல் கசியும் நிலைக்குக் கொண்டுபோன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. வலிக்குத் தடவிய தைலத்தை யாரும் ‘மருந்து’ என்று கணக்கில் எடுப்பதில்லை. மருத்துவரிடம் சொல்வதும் இல்லை. ஆஸ்பிரின் சேராதவர்களுக்கும், ஆஸ்பிரினே கொடுக்கக் கூடாத குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது.

தைலத்தைத் தேய்த்துவிட்டு அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மென்தால், மெத்தில் சாலிசிலேட் கலந்த வலி மருந்துகளால் அரிதாகத் தீப்புண் மாதிரி காயம் ஏற்படுவதாக 2012-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. தடவிய இடத்தை இறுக்கக் கட்டாதீர்கள், சூடு வைக்காதீர்கள் என்பதும் அதன் அறிவுரை.

ரோஸ்மேரி, டீ ட்ரீ: எவ்வளவு உண்மை?

எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிட்டால் கட்டுரை எழுதுவது எளிது. அப்படி இல்லை. 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம், 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் பருவுக்கு வழக்கமாகத் தரும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டீ ட்ரீ மெதுவாகத்தான் வேலை செய்தது. ஆனால் செய்தது, எரிச்சலும் குறைவாக இருந்தது. கவனிக்க வேண்டியது அந்த 5-ஐத்தான். அக்கா மகள் வைத்தது 100.

ரோஸ்மேரிக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 2015-ல் ஈரானில் வழுக்கை தொடங்கிய 100 ஆண்களில் பாதிப் பேருக்கு ரோஸ்மேரி, மீதிப் பேருக்கு முடி வளர வழக்கமாகத் தரும் 2 சதவீத மினாக்சிடில். ஆறு மாதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இன்று சலூன் முதல் ரீல்ஸ் வரை எல்லாரும் மேற்கோள் காட்டுவது இந்த ஒன்றைத்தான். வெறும் எண்ணெய் மட்டும் தடவிய ஒரு குழுவை அதில் ஒப்பிடவில்லை; பயன்படுத்தியதும் நீர்க்கவைத்த லோஷன், குப்பியிலிருந்து நேரே ஊற்றிய எண்ணெய் அல்ல. முயன்று பார்க்கலாம். வழுக்கையில் முடி முளைக்கும் என்று மூவாயிரம் ரூபாய்க்குக் குப்பி விற்றால் வாங்காதீர்கள். வெறும் ரோஸ்மேரி இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைப்பது வேறு, எசென்ஷியல் ஆயில் வேறு என்பதும் நினைவிருக்கட்டும். கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சும் எண்ணெய் மாதிரிதான் முன்னது. அதில் இந்தக் காரம் வராது.

லாவெண்டரும் டீ ட்ரீயும் ஆண் குழந்தைகளுக்கு மார்பு வளரச் செய்யும் என்று அவ்வப்போது ஒரு செய்தி சுற்றும். 2007-ல் மூன்று சிறுவர்களைப் பற்றி வந்த மருத்துவக் குறிப்பு அதன் மூலம். பிந்தைய ஆய்வுகள் அதைத் தீர்மானமாக உறுதிசெய்யவில்லை. இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

■ கலக்கும் கணக்கு

ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 20 சொட்டு. எனவே 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி, தேங்காய் எண்ணெயில் அல்லது பாதாம் எண்ணெயில் 6 சொட்டு விட்டால் 1 சதவீதம். 12 சொட்டு விட்டால் 2 சதவீதம்.

முகத்துக்கு அரை முதல் 1 சதவீதம். உடம்புக்கு 2 வரை. தலைக்குத் தேய்க்க 100 மில்லி எண்ணெயில் 20 சொட்டு ரோஸ்மேரி தாராளம்.

எல்லா எண்ணெய்க்கும் இந்தக் கணக்கு ஆகாது. ராபர்ட் டிஸ்ஸராண்ட், ராட்னி யங் எழுதிய பாதுகாப்புக் கையேட்டின்படி கிராம்பு எண்ணெய்க்கு உச்சவரம்பு 0.5 சதவீதம்; 30 மில்லியில் 3 சொட்டு. லெமன்கிராஸுக்கு 0.7 சதவீதம், 4 சொட்டு. பட்டை எண்ணெய்க்கு 0.07 சதவீதம், 30 மில்லியில் அரைச் சொட்டுகூட அதிகம். பட்டை எண்ணெயைத் தோலுக்கு வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

தண்ணீரில் இவை கலக்காது. குளிக்கிற வாளியில் நாலு சொட்டு விட்டால் மேலே மிதந்து, முதல் சொம்பிலேயே முழுக் காரத்தோடு முதுகில் இறங்கும்.

‘நூறு சதவீதம் தூயது’

லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் இந்த வாசகத்தைத்தான் பலரும் பாதுகாப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பொருள் நேர் எதிரானது. நூறு சதவீதம் தூயது என்றால் நீங்கள்தான் நீர்க்கவைக்க வேண்டும் என்று அர்த்தம். ‘தெரபியூட்டிக் கிரேடு’ என்பது விற்பவர்கள் சூட்டிக்கொண்ட பட்டம். அதற்கு எந்த அரசும் தர அளவு வைத்திருக்கவில்லை. ‘அரோமா ஆயில்’, ‘ஃப்ராக்ரன்ஸ் ஆயில்’ என்றிருந்தால் அது பெரும்பாலும் விளக்கில் ஏற்றவும் மெழுகுவத்தியில் கலக்கவும் செய்யப்பட்ட செயற்கை மணம். விலை குறைவு என்று அதை வாங்கித் தோலில் தடவாதீர்கள். தாவரப் பெயர், எடுத்த முறை, தயாரித்த தேதி, மூன்றும் லேபிளில் இல்லாத குப்பியை வைத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல், ஒவ்வாமை தூண்டும் 26 வாசனைப் பொருட்களின் பெயரை அழகுப் பொருட்களின் லேபிளில் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். 2023-ல் அந்தப் பட்டியலை எண்பதுக்கு மேல் நீட்டிவிட்டார்கள். அதில் லிமோனீன், லினலூல், யூஜினால் எல்லாம் இருக்கின்றன. இயற்கையிலிருந்து வந்ததா, ஆய்வகத்திலிருந்து வந்ததா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. தோலும்தான்.

வாங்கியபின் குப்பியில் திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். குளிர்ந்த, இருட்டான இடத்தில் இறுக மூடி வையுங்கள். எலுமிச்சை வகைகளையும் டீ ட்ரீயையும் ஒரு வருடத்துக்கு மேல் தோலுக்குப் பயன்படுத்தாதீர்கள். புது எண்ணெய் என்றால், கலந்த கலவையை (நேர் எண்ணெயை அல்ல) முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவு தினம் இரு வேளை, நான்கைந்து நாள் தடவிப் பாருங்கள். ஒரு ராத்திரி பார்த்துவிட்டு ‘ஒன்றும் ஆகலை’ என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும். சிரங்கு, எக்ஸிமா, வெட்டுக்காயம், ஷேவிங் செய்த கையோடு இருக்கும் தோல், இவற்றில் எதுவும் வேண்டாம்.

பட்டுவிட்டால்...

தோலில் எரிந்தால் உடனே சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். எரிச்சல் நின்றபின் மணமில்லாத வாஸ்லின் போதும். மஞ்சளோ பற்பசையோ அதன் மேல் போடாதீர்கள். கொப்புளம் எழும்பினால் தோல் மருத்துவர். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு.

குழந்தை குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்கவே வேண்டாம். மேலேறி வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிலைமை இரட்டிப்பாக மோசமாகும். பாலோ உப்புத் தண்ணீரோ கொடுக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள், குப்பியைக் கையோடு எடுத்துப் போங்கள். வலிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இதை எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சூடம் பகுதி வந்தபோது எழுந்து போனார். சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், கொள்ளுப்பேரன் கைக்கு எட்டும் உயரத்தில் நின்ற சூட எண்ணெய்க் குப்பியை எடுத்துப் பரண் மேல் வைத்தார். கொட்டவில்லை. முழங்காலுக்கு வைத்துக்கொள்வாராம்.